பூசினாற்போல ஒரு பாராட்டு

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது மழைக்காலத்தில் மட்டும்தான் வாய் நீளும். எனக்கு வருஷம் பூராவும்.

1991. மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் நான் தற்காலிக டைப்பிஸ்ட். ஜப்பான் இன்ஜினியர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் பேச்சை இங்கிலீஷில் எங்களுக்குச் சொல்ல மிசாக்கோ என்றொரு பெண்ணும் வந்திருந்தார்.

"அந்தப் பொண்ணு மனசு கோணாம பாத்துக்கம்மா. உன்னை பர்மனென்ட் பண்றது என் பொறுப்பு" என்றார் மேனேஜர்.

மிசாக்கோ அப்படி ஒரு ஒல்லி. கேன்டீன் துலுக்காணம் அண்ணன் பதறிவிட்டார். "இன்னாம்மா இது, ஃபேன் போட்டா பறந்துடும் போல கீது! பொங்கல்ல நெய்ய ஊத்து!"

ஊற்றினோம். தட்டில் மிச்சம் வைப்பது ஜப்பானில் மரியாதை இல்லையாம். தட்டு காலியான பிறகு பரிமாறாமல் இருப்பது நம் ஊரில் மரியாதை இல்லை. இந்த இரண்டு மரியாதைக்கும் நடுவில் மாட்டி, சில வாரத்திலேயே மிசாக்கோவின் கன்னம் மினுமினுத்தது.

ஆயுத பூஜையன்று மேனேஜர் என்னிடம் மைக்கை நீட்டினார். (குரங்கு கையில் பூமாலை.) மனப்பாடம் செய்த இங்கிலீஷில் முழங்கினேன்: "மேடம் வரும்போது குச்சி மாதிரி இருந்தார். எங்கள் சாப்பாடு ஒத்துக்கொண்டது. இப்போது நன்றாகக் குண்டாகிவிட்டார்! எங்களுக்கெல்லாம் பெருமை!"

தகரக் கூரை அதிரக் கைதட்டல். துலுக்காணம் அண்ணன் விசிலே அடித்தார். மிசாக்கோ சிரித்தபடி குனிந்து வணங்கினார். நிமிர்ந்த பிறகும் அந்தச் சிரிப்பு அசையவில்லை.

மறுநாள் முதல் அவர் கேன்டீன் பக்கமே வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் உச்சி வெயிலில் ஷெட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"இன்னா பண்ணி வச்சே? ஊருக்கே கெளம்பறேன்றாங்க! அவங்க போனா அடுத்த பஸ்ல நீயும் போவ" என்றார் மேனேஜர்.

ஓடினேன். அவர் நடையை நிறுத்தவில்லை, நானும் மூச்சிரைக்கக் கூடவே நடந்து மன்னிப்புக் கேட்டேன். "எங்க ஊரில் அது பாராட்டு மேடம்!"

"எங்கள் ஊர்த் துணிக்கடையில் பெரும்பாலும் ஒரே அளவுதான் தொங்கும்" என்றார். "எனக்கு நுழையாவிட்டால் கடைக்காரப் பெண் என்னிடம் மன்னிப்புக் கேட்பாள். அதற்கு அவள் அடித்தே விடலாம். நான் திரும்பிப் போனதும் அம்மா முதலில் என் இடுப்பைத்தான் பார்ப்பார்."

"என்னையும் பார்த்தார்கள் மேடம். போன மாதம் பெண் பார்க்க வந்தவர்கள், 'ஒடம்பு கொஞ்சம் தேறட்டும், அப்பால பாக்கலாம்'னு பஜ்ஜியை மட்டும் முடித்துவிட்டுப் போனார்கள்."

மிசாக்கோ நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த உடம்பையா? இதற்காகத்தானே டோக்கியோவில் நாங்கள் பட்டினி கிடக்கிறோம்!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு ஊர்க்காரர்களையும் ஆசை தீரத் திட்டினோம். பிறகு கேன்டீனுக்கு வந்து பொங்கல் சாப்பிட்டார், நெய் இல்லாமல். துலுக்காணம் அண்ணனுக்குத்தான் உயிர் போனது.

என் வேலை நிரந்தரமானது. மைக் என்னிடமிருந்து நிரந்தரமாகப் பிடுங்கப்பட்டது.

பல வருஷம் கழித்து, என் மகளின் நிச்சயதார்த்தத்தில் சம்பந்தியம்மாவை நெருங்கி, "நீங்க முன்னைக்கு இப்போ..." என்று ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ஒரு கை முழு லட்டையும் என் வாயில் திணித்தது. என் வீட்டுக்காரர்.

"சாப்பிடும்மா" என்றார். "சம்பந்தம் நிலைக்கட்டும்."