புரொஜெக்டருக்கு வைத்த பொட்டு

சொன்ன வேலையைச் சொன்ன அளவோடு நிறுத்தத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான். எனக்கு அது தெரியாது. படிப்பை மட்டும் எட்டாவதோடு நிறுத்தத் தெரிந்தது.

எழுமலைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக வாட்ச்மேனாக இருந்தேன். ஓட்டுக் கட்டடம். பிறகு மூன்று மாடியில் புதுக் கட்டடம் வந்தது. கம்ப்யூட்டர் அறை, ஸ்மார்ட் கிளாஸ், செருப்பைக் கழற்றிவிட்டு நுழைகிற ஏசி. அங்கே உள்வேலைக்கு ஒரே ஒரு நிரந்தர ஆள். எனக்கு முட்டி போயிருந்தது. கேட்டில் வெயிலில் நிற்க முடியவில்லை. அந்த வேலையைத்தான் நம்பியிருந்தேன்.

"திறப்பு விழா நல்லபடியா முடியட்டும்ணே, தாளாளர்ட்ட நானே சொல்றேன்" என்றார் பெரிய டீச்சர்.

விழா அன்று காலை அவரே ஒரு தட்டில் சந்தனமும் குங்குமமும் தந்து, புதுசுக்கெல்லாம் பொட்டு வைக்கச் சொன்னார். நிலை, ஜன்னலை நினைத்துச் சொல்லியிருப்பார். நான் ஆயுத பூஜைக்கு அரிவாள்மனையைக்கூட விடாதவன்.

இருபது கம்ப்யூட்டருக்கும் திரையின் நட்டநடுவில் வைத்தேன். (ஓரமாக வைத்தால் மரியாதைக் குறைவு.) ஸ்மார்ட் கிளாஸில் கூரையிலிருந்து ஒரு வெள்ளைப் பெட்டி தொங்கியது. படம் காட்டுகிற புரொஜெக்டராம். ஒற்றைக் கண். அதை மட்டும் விட்டால் பாவமில்லையா? முட்டி வலியோடு ஏணியில் ஏறினேன். அதற்கு நெற்றி எது என்று தெரியவில்லை. கண்ணிலேயே வைத்தேன். தாராளமாக வைத்தேன்.

மதுரையிலிருந்து அதிகாரி வந்தார். அறை நிறையப் பெற்றோர். கிரகங்களைக் காட்டப்போவதாகச் சொல்லி கம்ப்யூட்டர் சார் ரிமோட்டை அமுக்கினார். சுவரில் மஞ்சளாக ஒரு மப்பு வந்தது. சூரியன் என்று நினைத்து அதிகாரி கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அடுத்தது பூமி என்றார்கள். அதே மஞ்சள். நிலா என்றார்கள். அதே மஞ்சள்.

நான் வைத்த பொட்டுதான் மறைக்கிறது என்று புரிந்தது. பேசாமல் நின்றிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். ஏணியைப் போட்டு ஏறி, துண்டை நனைத்துத் துடைத்தேன். குங்குமம் கரைந்து நிலா சிவப்பானது. சூட்டில் அறை முழுக்கச் சந்தன வாசம். தண்ணீர் உள்ளே போயிருக்க வேண்டும். பெட்டி அணைந்துவிட்டது.

தாளாளர் மெதுவாகத்தான் கேட்டார். "யாருய்யா இதுக்குப் பொட்டு வச்சது?"

"நாந்தாங்கய்யா. புதுசுல்ல."

"இன்னும் எதெதுக்கு வச்ச?"

"எல்லாத்துக்குந்தாங்கய்யா."

கம்ப்யூட்டர் சார் பக்கத்து அறைக்கு ஓடினார்.

பெரிய டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. உள்வேலைக்கு வேறு ஆள் வந்தார். நான் இன்னும் கேட்டில்தான். அந்த ஏசி இப்போது எப்படி இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்லித்தான் தெரியும்.

கதை எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. அதன்பின் யார் வீட்டில் டிவி வாங்கினாலும் முதலில் குங்குமச் சிமிழை ஒளித்து வைக்கிறார்கள்.

போன தையில் மகளுக்குக் கல்யாணம். அவளுக்குப் பொட்டு வைக்கத் தட்டோடு மேடை ஏறினேன். என் மச்சினன் கீழேயிருந்து குரல் கொடுத்தான்.

"கேமராக்காரத் தம்பி, மூடியப் போடுங்க. எங்க மச்சான் வாராரு."

மண்டபமே சிரித்தது. மகளும் சிரித்தாள். கேமராக்காரர் வெளியூர், விவரம் தெரியாதவர். உண்மையிலேயே மூடிவிட்டார்.

ஆல்பத்தில் எல்லாரும் அவளுக்குப் பொட்டு வைக்கிறார்கள். நான் வைக்கிற படம் மட்டும் இல்லை.