பரம்பரைக் கொழுப்பு

பத்தியக்காரர் என்று ஒரு பிறவி உண்டு, வாசகரே. செஞ்சிக் கோட்டையில் குரங்கு எத்தனையோ, கடைத்தெருவில் இவர்கள் அத்தனை பேர். வாயைக் கட்டிவிட்டதாக ஊரெல்லாம் சொல்வார்கள். சொல்லுகிற அந்த வாயில் எப்போதும் ஏதாவது இருக்கும்.

மல்லாட்டைச் செக்கில் கடலையெண்ணெய் ஆட்டுகிற நம்ம யாகப்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். கண் இமையில் மஞ்சளாக இரண்டு மேடு. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். இதே மஞ்சள் மேடு வைத்திருந்த தம்பி காஸ்பர், போன அறுப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு களத்திலேயே சாய்ந்துவிட்டான், ஆண்டவர் அவன் ஆத்துமத்துக்கு இளைப்பாற்றியைத் தரட்டும். பயந்துபோன அருளம்மாள் தன் புருஷன் யாகப்பனைத் திண்டிவனத்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

ரத்தத்தைச் சோதித்த டாக்டர் சொன்னார்: "உமக்குக் கொழுப்பு ஜாஸ்தி. பரம்பரையா வந்தது."

யாகப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "இன்னா சொன்னே? என்னைச் சொல்லு, பொறுத்துக்கிறேன். என் நைனாவை ஏன்யா இழுக்கிற?"

"ஐயோ, அந்தக் கொழுப்பு இல்லீங்க, ரத்தத்துல இருக்கிற கொழுப்பு!" என்றாள் அருளம்மாள்.

"ரத்தத்துலயே ஊறிப்போச்சுன்றாரு. நீயும் ஒத்துக்கிறியா?"

"நெய், முட்டை, பன்றிக்கறி தொடக் கூடாது. தொட்டா, தம்பி போன வழிதான்" என்று டாக்டர் முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து யாகப்பன் தொடவே இல்லை. கரண்டியால்தான் எடுக்கிறார்!

யார் வீட்டுக்குப் போனாலும் "எனக்கு ஒண்ணும் வேணாம், பத்தியம்" என்று உட்காருவார், பிறகு "வாசனைக்கு ஒரு சொட்டு நெய்" என்பார், சோறு காய்ந்திருக்கிறதே என்று இன்னொரு சொட்டு, நெய் மிஞ்சிவிட்டதே என்று இன்னொரு பிடி சோறு, இப்படி ஒன்றுக்கொன்று சமாதானம் சொல்லியே கிண்ணம் காலியாகும். கேட்டால், "சிலுவை போட்டுட்டுத்தானே சாப்பிட்டேன்?" ஆண்டவர் என்ன, கம்பவுண்டரா?

தவக்காலத்தில் மட்டும் மனுஷர் நெருப்பு. ஒரே உபவாசத்தை ஆண்டவருக்கும் காட்டுவார், டாக்டருக்கும் காட்டுவார்.

ஈஸ்டர் வந்தது. ஊரே மணக்கப் பன்றிக்கறி. யாகப்பன் இலை முன்னால் உட்கார்ந்து கரண்டியைத் தேடினார். அருளம்மாள் குழம்புச் சட்டியையே தூக்கிவந்து வைத்தாள். பக்கத்தில் மடிப்புக் கலையாத ஒரு வெள்ளைப் புடவை.

"இது யாருக்கு?"

"எனக்குத்தாங்க. காஸ்பர் பொண்டாட்டி அவசரத்துக்கு இரவல் வாங்கிக் கட்டினா. எனக்கு அந்த அலைச்சல் வேணாம். நீங்க சாப்பிடுங்க."

யாகப்பன் கை நின்றது. புடவையைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. சட்டியை மெள்ளத் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போ, அருளு. சத்தியமா இனிமே வேணாம்."

அவள் ஆண்டவரைக் கும்பிட்டுவிட்டுச் சட்டியைத் தூக்கினாள். வாசற்படி தாண்டவில்லை, பின்னாலிருந்து குரல்:

"அந்தப் பெரிய துண்டை மட்டும் கழுவிக் குடுத்துடேன். கொழுப்பு தண்ணியில போயிடும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இன்றைக்கு இலையில் உட்கார்ந்து "ஒரு சொட்டுதானே" என்று நீங்கள் சொன்னால், எழுந்ததும் இமையில் மஞ்சள் மேடு முளைத்திருக்கிறதா என்று கண்ணாடியில் ஒருதரம் பார்த்துவிடுங்கள். நெய் பூசிய விரலால் தேய்த்துப் பார்க்க வேண்டாம்.