நாற்பத்து மூன்று டிகிரி மகிமை

மனிதகுலம் சூட்டைக் கண்டுபிடித்தது பெரிய விஷயமில்லை. அதை எங்கே காட்டக்கூடாது என்று கண்டுபிடித்தவர் எங்கள் டாக்டர் தாதாங் சுமிராத். இந்தோனேசியாவின் காருட் ஊரில், எரிமலை அடிவாரக் குரங்கு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் துறைத் தலைவர். நான், லிலிஸ், அவருடைய செயலாளர். ஆகவே இந்தச் சரித்திரத்தை எழுதும் 'பாக்கியம்' எனக்கு.

ஆராய்ச்சி எளிமையானது. ஆண் குரங்கை நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டி, அதன் விதைப்பையை மட்டும் நாற்பத்து மூன்று டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவிடுவது. விந்தணுக்கள் கொத்துக் கொத்தாகச் செத்துப்போகும். அப்போது எந்த மரபணு விழித்துக்கொள்கிறது, எது அடங்கிப்போகிறது என்று டாக்டர் வண்ணப்படம் போட்டுக் காட்டுவார். பார்த்துக்கொண்டே இருக்கலாம், குரங்காக இல்லாத பட்சத்தில்.

டாக்டருக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். குழந்தை இல்லை. காரணம் யார் என்பதை அவருடைய அம்மா எந்தப் பரிசோதனையும் இல்லாமலே கண்டுபிடித்துவிட்டார்: மருமகள் யூயுன். அவளுக்குத் தினமும் ஜாமு என்கிற கசப்புக் கஷாயம். வாரம் ஒருமுறை வயிற்றை உருவிவிட ஒரு கிழவி. மகனுக்கும் வைத்தியம் உண்டு. வேலை முடிந்ததும் ஊர் வெந்நீர் ஊற்றில் கழுத்தளவு ஊற வேண்டும். அதில் ஊறினால் ஆண்மை பெருகும் என்பது எங்கள் ஊர் ஆண்களின் அசைக்க முடியாத நம்பிக்கை. டாக்டர் மழையிலும் தவறியதில்லை.

நோன்புப் பெருநாளுக்குள் யூயுன் முழுகாமல் இருக்கவில்லை என்றால் டாக்டருக்கு வேறு பெண் பார்ப்பதென்று அம்மா ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். எதிர்ப்பு இல்லை. யூயுனுக்கு ஓட்டும் இல்லை.

நிலையத்தின் அந்த மாதக் கருத்தரங்குக்கு அவள்தான் வாழையிலையில் சுட்ட மீனும் சோறும் கொண்டுவந்தாள். கடைசி வரிசையில் நின்று டாக்டரின் முழு உரையையும் கேட்டாள். முடிந்ததும் கையைத் தூக்கினாள்.

"என்னங்க, ஒரு சந்தேகம்."

"சோத்தைப் பத்தியா?"

"வெந்நீரைப் பத்தி. நம்ம ஊத்துத் தண்ணி எவ்வளவு சூடு இருக்கும்?"

"அதே நாப்பத்து மூணுதான்! நானே தெர்மாமீட்டர் வச்சுப் பாத்திருக்கேன்," என்றார் டாக்டர் பெருமையாக.

அரங்கில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை.

"வெந்நீரை நிறுத்திட்டா குரங்கு என்ன ஆகும்?"

"சில மாசத்துல பழையபடி ஆயிடும். அதுதானே என் கண்டுபிடிப்போட அழகே!"

"அப்போ நீங்களும் சில மாசம் அங்க போகாம இருந்து பாருங்களேன். மைக்ரோஸ்கோப்பும் இங்கயே இருக்கு. ஒரு டெஸ்ட் எடுத்தா என்னங்க?"

"யூயுன்! நான் என்ன குரங்கா?"

விஞ்ஞானிகள் நிறைந்த சபை இந்தக் கேள்விக்குக் கூரையில் பதில் தேடியது. நிலைய இயக்குநர்தான் காப்பாற்றினார். "குரங்குல வந்த முடிவை மனுஷனுக்குப் பொருத்தணும்னா நெறிமுறைக் குழு அனுமதி வேணும்மா. அதுவும் துறைத் தலைவருக்குன்னா..." என்று இழுத்துவிட்டு, மீன் ஆறிப்போகிறது என்றார். தீர்மானம் ஏகமனதாகச் சாப்பிடப்பட்டது.

யூயுன் பாத்திரங்களை அடுக்கும்போது என்னிடம் சொன்னாள்: "லிலிஸ் அக்கா, ஏழு வருஷம் அந்தக் கஷாயத்தைக் குடிச்சேன். அவரால ஒரு நாள் ஒரு டெஸ்ட் குப்பியக் கையில எடுக்க முடியல, பாத்தீங்களா?"

நானும் கையைத் தூக்கியிருக்க வேண்டும். என்ன செய்ய, கருத்தரங்கு முடிந்துவிட்டது.

பெருநாள் வந்தது. யூயுன் தாய்வீடு போனாள். டாக்டருக்குப் புது மனைவி வந்தாள். அடுப்பில் மறுபடியும் ஜாமு ஏறியது. ஆராய்ச்சிக்கு விருதும் கிடைத்தது. அதைக் கொண்டாட டாக்டர் நண்பர்களோடு வெந்நீர் ஊற்றுக்குப் போனார்.

விருது உரையில் அவர் தெளிவாகச் சொன்னார்: வெந்நீரில் ஊறிய ஆண்களோடு கூண்டில் இருந்த பெண் குரங்குகள் குட்டி போடவில்லை, ஆனால் அவற்றிடம் எந்தக் குறையும் இல்லை. ஒன்றுக்குக்கூடக் கஷாயம் கொடுக்கவில்லை, ஒன்றைக்கூடக் கூண்டைவிட்டு அனுப்பவில்லை. பெண்ணினத்திடம் அவ்வளவு நியாயமாக நடப்பவர் டாக்டர். யூயுன் செய்த ஒரே தப்பு, குரங்காகப் பிறக்காமல் போனது.