பாய்க்குப் புருவம் அழிந்த நாள்

தவளக்குப்பத்தை விட்டு நடந்துகொண்டிருந்தேன். பையில் ஒரு லுங்கி, ஒரு ஆயின்மென்ட் டியூப், ஒரு சோற்றுப் பொட்டலம். கொளுத்தும் வெயிலில் முழுக்கைச் சட்டை. கடலூர் சாலையில் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக என்னைக் கடந்து போயின. ஏறவில்லை. எங்கே போகிறோம் என்று தெரிந்தால்தானே டிக்கெட் கேட்க முடியும்?

அன்று சாயங்காலம் நெல்லித்தோப்பில் புருவ பாயைச் சந்தித்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரி கிளீனர், போர்டு எழுதுகிறவருக்கு உதவியாள், செங்கல் சூளை, மெஸ் என்று எத்தனையோ முதலாளிகளைப் பார்த்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், தன் கடையைத் தேடி வந்தவனை வேறு இடத்துக்கு விரட்டுவதையே வியாபாரமாக நடத்திய மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

நான் நடந்து வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷமாக என் முழங்கையிலும் மணிக்கட்டிலும் வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்துகொண்டிருந்தது. தவளக்குப்பம் மெஸ்ஸில் நான் பரிமாறுகிறவன். முதலாளி அண்ணன் கூப்பிட்டார்.

"டேய், இலையில உப்பு தூவுன மாதிரி விழுதுடா. தொத்து வியாதிக்காரன வச்சிருக்கியான்னு கேக்கறாங்க. நான் என்னா பண்ணட்டும்?"

கெட்டவர் இல்லை. சம்பளத்தோடு சாம்பார் சாதமும் கட்டிக் கொடுத்தார். ஆனால் கையில் தரவில்லை. மேஜையில் வைத்து, எடுத்துக்கொள் என்று கண்ணைக் காட்டினார்.

வேறு வேலை கேட்க வேண்டுமென்றால் தாடியையாவது எடுக்க வேண்டும். வழியில் இரண்டு சலூன்களில் ஏறினேன். சட்டைக் கை லேசாக மேலே ஏறியதும், கத்தரியும் கையுமாக நின்றவரே "ஆள் இல்லப்பா" என்றார். மூன்றாவதுதான் பாய் கடை.

பாய்க்குத் தலையில் முடி இல்லை. மீசை இல்லை, தாடி இல்லை, இமையில்கூட ஒன்று இல்லை. புருவம் மட்டும் இருந்தது, கறுப்புப் பென்சிலால். அதிலும் இடது புருவம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. வலது புருவம் பாதி நெற்றிக்கு ஏறியிருந்தது. ஒரு பக்கம் என்னை வரவேற்றது, இன்னொரு பக்கம் சந்தேகப்பட்டது. தினமும் வரைந்துவிடும் அவர் மனைவி, மகள் பிரசவத்துக்குக் காரைக்கால் போயிருந்தார். "கண்ணாடி போட்டா புருவத்த மறைக்குது, கழட்டுனா மூஞ்சியே தெரியல. குத்துமதிப்பா போட்டுக்கறேன்" என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னார்.

நாற்காலியில் ஒரு புது மாப்பிள்ளை. மடியில் ஒரு பாட்டில், கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் அவர் தலையிலிருந்து கொட்டிய முடி.

"நேத்து மட்டும் நூத்தி நாப்பது பாய். எண்ணிட்டேன்."

"இத எண்ண ஆபீஸுக்கு லீவு போட்டியா? மூணு மாசம் முன்னாடி காய்ச்ச கீச்ச வந்துதா?"

"டெங்கு. அஞ்சு நாள் பெட்டுல இருந்தேன்."

"அப்ப நீ படுத்த, இப்ப முடி படுத்திருக்கு. நல்லா சாப்புடு, தானா வந்துடும். ஆறு மாசம் ஆகியும் கொட்டுனா தோல் டாக்டர்கிட்ட போ. அந்த பாட்டில வை கீழ."

போனில் வீடியோ பார்த்து வாங்கிய மூலிகை எண்ணெய் அது. கண்ணாடிக்கு அடியில் இருந்த பக்கெட்டில் விழுந்தது. பக்கெட் ஏற்கெனவே முக்கால்வாசி நிரம்பியிருந்தது.

அடுத்தவர் குருசுக்குப்பத்து மீன்காரர். தாடியில் வட்டமாக ஒரு இடம் வழவழவென்று இருந்தது. அதன்மேல் பூண்டு தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கி வைத்திருந்தார்.

"புழுவெட்டு பாய்."

"புழுவா? எங்க, காட்டு, வலை போட்டுப் புடிப்போம்." பாய் குனிந்து பார்த்தார். "புழுவும் இல்ல, பூச்சியும் இல்ல. ஒன் ஒடம்பு ஒன் முடிகிட்டயே சண்டைக்குப் போவுது. எனக்கு ஊரையே காலி பண்ணிடுச்சி, ஒனக்கு ஒரு தெருவோட நிறுத்தியிருக்கு. பூண்ட கொழம்புல போடு. நாளைக்கு ஓ.பி.க்குப் போ."

இதெல்லாம் அவர் எங்கே படித்தார் என்கிறீர்களா? பெரியாஸ்பத்திரித் தோல் ஓ.பி.யில் இருபது வருஷமாக நோயாளி. அங்கே அவரைவிட சீனியர் அந்த வாசல் பெஞ்சு ஒன்றுதான்.

புண் ஆறாமல் கத்தி படாது என்று மீன்காரரைத் தலைமுடி வெட்டக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். சட்டைக் கையை அவரே மடித்துவிட்டார். நான் இழுத்துக்கொண்டேன்.

"வுடுப்பா. திருடன் நகைய மறைக்கற மாதிரி மறைக்கற." முழங்கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். "சோரியாசிஸ் மாதிரி தெரியுது. நான் டாக்டர் இல்ல, அவங்கதான் சொல்லணும். அதுதான்னா யாருக்கும் தொத்தாது. ஒன்ன வுட்டும் போவாது. ஆனா வைத்தியம் பாத்தா அடங்கி ஒக்காரும். என்னா போடற?"

டியூபைக் காட்டினேன். "மெடிக்கல்ல குடுத்தாங்க பாய். போட்டா ஒடனே கேக்குது."

"கேக்கும். அப்புறம் ரெண்டு மடங்கா திருப்பிக் கேக்கும். தோலு பேப்பராயிடும்." பக்கெட்டில் போடுவார் என்று நினைத்தேன். என் பாக்கெட்டில் செருகினார். "இத்தினி நாள் என்னாத்தப் பூசுனன்னு டாக்டர் பாக்கட்டும்."

புது பிளேடு மாட்டி ஷேவ் செய்தார். முடிவதற்குள் மீன்காரர் எழுந்துவிட்டார்.

"நான் இன்னொரு நாளு வரேன் பாய்."

"இன்னா அவசரம்?"

"இல்ல... அந்தச் சேரு, அந்தத் துண்டு..."

எனக்குப் பழகிப்போன விஷயம்தான். பையை எடுக்கக் கை போனது. பாய் என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"யோவ், தாடியில புழுன்னு சொல்லிக்கினு நீ வந்தியே, நான் எழுந்து ஓடுனனா?"

என் கழுத்திலிருந்த துண்டை உருவினார். அதில் என் செதில் அப்படியே இருந்தது. அதை எடுத்து, உச்சந்தலையிலிருந்து தாடை வரை தன் முகத்தை அழுத்தித் துடைத்தார். நிதானமாக, இரண்டு தடவை.

துண்டு விலகியது. புருவம் இரண்டும் காணோம். வலது புருவம் மட்டும் காது வரை இழுபட்டு ஒரு கறுப்புக் கோடாகக் கிடந்தது. மீன்காரர் முழித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எத்தனையோ மாதம் கழித்து நானும் சிரித்தேன். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன்னைப் பார்த்தார்.

"அடப்பாவிங்களா, ஒங்களால எனக்குப் புருவம் போச்சே!"

மீன்காரர் வந்து நான் எழுந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். "துண்ட மட்டும் மாத்திடு பாய்."

"அது எல்லாருக்கும் மாத்தறதுதான்யா."

அவருக்கு முடி வெட்டிக்கொண்டே பாய் என் கதையைக் கேட்டார். போர்டு எழுதுகிற இடம் வந்ததும் கத்தரி நின்றது.

"நேரா கோடு போடுவியா?"

"எழுத்தே போடுவேன் பாய்."

"எழுத்தெல்லாம் வேணாம். ரெண்டு கோடு போதும். காலையில ஏழு மணிக்கு வா. அத முடிச்சிட்டு ஓ.பி. அப்புறம் இங்கயே நில்லு, வேலை இருக்கு."

இன்றும் என் முழங்கையில் அது இருக்கிறது. போய்விட்டது என்று சொன்னால் பாய் கோபித்துக்கொள்வார். அடங்கி உட்கார்ந்திருக்கிறது. டாக்டர் சொன்னபடி மருந்து, குளித்ததும் தேங்காயெண்ணெய், அவ்வளவுதான். அரைக்கைச் சட்டை போடுகிறேன்.

அன்றிரவு பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். காலை ஏழுக்குக் கடை வாசலில் நின்றேன். பாய் பென்சிலை என் கையில் கொடுத்தார், விரல் பட. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி முகத்தைத் தூக்கிக் காட்டினார்.

பென்சில் முனையை அவர் நெற்றிக்குக் கொண்டுபோனேன். மணிக்கட்டிலிருந்து ஒரு செதில் அவர் கன்னத்தில் விழுந்தது. பதறிப்போய் ஊதினேன்.

"கூசுதுப்பா" என்றார் பாய், கண்ணைத் திறக்காமலே. "சீக்கிரம் போடு, கடை தொறக்கணும்."