லவுஞ்சில் யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை

பயந்தாங்கொள்ளிகளில் இரண்டு வகை உண்டு. பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொள்பவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு ஒரு ஆபத்தும் வராது. கை கால் உதறிக்கொண்டிருக்கும்போதே, "இதெல்லாம் நமக்குப் பழக்கந்தானுங்க" என்று முன்னால் போய் நிற்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. என் கல்யாணப் பேச்சு பெங்களூரு விமான நிலையத்தின் சொகுசு லவுஞ்சில் உயிருக்கு ஊசலாடியதற்கு இந்தக் குணம்தான் காரணம்.

எனக்குச் சொந்த ஊர் மோகனூர். நாமக்கல்லில் ஒரு கோழி மருந்து கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. பண்ணை பண்ணையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த நாட்களில், பரிசோதனைக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த கோகிலாவைப் பார்த்தேன். (பார்த்தது நான். முடிவு செய்தது அவள்.) என் வீட்டில் சரி என்றுவிட்டார்கள். அவள் வீட்டில் அம்மா சரி, அண்ணன் சரி. அப்பா மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அப்பா குப்புசாமி திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை வடக்கே சத்தீஸ்கர் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தார். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைய வேண்டிய உயரம். பேச்சு மிகவும் குறைவு. அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தாலே எதிரில் இருப்பவன் செய்யாத தப்பையெல்லாம் ஒப்புக்கொண்டுவிடுவான். அவர் முன்னால் நின்ற ஒவ்வொரு தடவையும் நான் பயத்தில் எதையாவது உளறினேன்.

ஒருநாள் கோகிலா போனில் சொன்னாள்: "அப்பா ராய்ப்பூருக்கு வண்டியப் பார்க்கப் போறாராம். உங்களையும் கூட்டிட்டுப் போறேங்கறாரு. போற வழியில பார்த்துக்கலாம்னு இருக்கறாரு போல."

"எதைப் பார்க்கறாராம்?"

"உங்களைத்தான்."

அவள் அதோடு விடவில்லை. "ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. சோத்துக்கு அலையற ஆளுன்னு மட்டும் அவரு நெனச்சுறக் கூடாது. இதுக்கு முந்தி வந்த எடத்த அதுலதான் வேண்டாம்னுட்டாரு. அந்த மாப்பிள்ள யாரும் கூப்புடாமயே பந்தியில போயி உக்காந்துட்டாராம்."

எங்கள் பக்கத்து மரியாதை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. விருந்தில் "சாப்பிட வாங்க" என்று வீட்டுக்காரர் கூப்பிட்டதும் எழுந்துவிடக் கூடாது. "இருக்கட்டுங்க" என்று சொல்ல வேண்டும். அவர் மறுபடியும் கூப்பிடுவார். "இப்பத்தானுங்க காப்பி குடிச்சோம்" என்று சொல்ல வேண்டும். கடைசியில் அவர் கையைப் பிடித்து இழுப்பார். அப்போதுதான், இவ்வளவு வற்புறுத்துகிறாரே என்கிற முகத்தோடு எழுந்து போக வேண்டும். பசி எவ்வளவு இருந்தாலும் இதில் மாற்றம் கிடையாது.

இவ்வளவு தெரிந்த நான் பேசாமல் ரயிலில் போயிருக்கலாம். பயணத்தைப் பற்றிப் பேச அவர் வீட்டுக்குப் போனபோது வாய் சும்மா இருக்கவில்லை. "ரயில் எதுக்குங்க, ஏரோப்ளேன்ல போயிரலாம். நான் டிக்கெட் போட்டுடறேன்" என்றேன். விமானத்தை நான் அதுவரை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

குப்புசாமி என்னை வெகுநேரம் பார்த்தார். "தம்பிக்கு ஏரோப்ளேன் பழக்கமுங்களா?"

"அடிக்கடி போறதுதானுங்க."

"அப்பச் சரி" என்றார். அவர் குரல் கொஞ்சம் கம்மியிருந்ததை அன்று நான் கவனிக்கவில்லை.

சம்பளக் கணக்கு வைத்திருந்த வங்கி எனக்கு ஒரு கிரெடிட் கார்டு கொடுத்திருந்தது. அதைக் காட்டினால் நானும் கூட ஒருவரும் விமான நிலைய லவுஞ்சில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று வங்கிக்காரர் சொல்லியிருந்தார். வருங்கால மாமனாரை அசத்த இதைவிட என்ன வேண்டும்? பெங்களூருக்குக் காரில் போகும்போது தொப்பூர் தாண்டியதும் விஷயத்தைச் சொன்னேன். "சாப்பாட்டப் பத்தி நீங்க கவலையே படாதீங்க. அங்க நம்மளுக்குத் தனி எடம் இருக்குது. அவங்களே எல்லாம் பார்த்துக்குவாங்க." அவர் ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

லவுஞ்ச் வாசலில் ஒரு பெண் கார்டை வாங்கி மெஷினில் செருகினாள். மெஷின் கீச்சென்று கத்தியது. வெளியே எடுத்துத் துடைத்து மறுபடியும் செருகினாள். எனக்குப் பின்னால் குப்புசாமி மூச்சு விடுவது கேட்டது. "இந்தக் கார்டு செல்லாது" என்று அவள் சொல்லிவிட்டால் அப்படியே ஓடிப்போய் மோகனூர் காவிரியில் குதித்துவிடுவது என்று முடிவு செய்தேன். நல்லவேளை, மெஷின் மனம் இரங்கியது. அவள் புன்னகையோடு ஆங்கிலத்தில் மடமடவென்று ஏதோ சொன்னாள். அறிவிப்பு, திரை என்று இரண்டு மூன்று வார்த்தைகள் காதில் விழுந்தன. பல வருடங்களாகக் கேட்டுச் சலித்தவன் போலத் தலையாட்டினேன். இந்த விமான நிலையத்தில் விமானம் புறப்படுவதற்கு யாரும் அறிவிப்புச் செய்து கூப்பிட மாட்டார்கள், நாமே திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவள் சொன்னது. இது பின்னால் தெரிந்தது.

உள்ளே மெத்தென்ற நாற்காலிகள், மங்கலான வெளிச்சம். ஒரு பக்கம் முழுக்க மூடி போட்ட பாத்திரங்களில் சாப்பாடு. சாம்பார் வாசனை வந்தது. வறுத்த ஏதோ ஒன்றின் வாசனையும் வந்தது. குப்புசாமி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடையில் வைத்துக்கொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அதேபோல வைத்துக்கொண்டேன். கூப்பிடுவதற்காகக் காத்திருந்தோம்.

யாரும் கூப்பிடவில்லை. வந்தவர்கள் எல்லாரும் நேராகப் போய்த் தட்டை எடுத்தார்கள். குப்புசாமி ஒவ்வொருவரையும் கண்ணாலேயே அளந்தார். "எல்லாம் அலையுதுக" என்று முணுமுணுத்தார். நாற்காலியிலிருந்து கொஞ்சம் எழுந்திருந்த நான் பட்டென்று உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளைச் சட்டை போட்ட பணியாளர் ஒருவர் தட்டில் சூப் கிண்ணங்களோடு எங்கள் பக்கம் வந்து, "சூப், சார்?" என்றார். எனக்கு உயிர் வந்தது.

"இருக்கட்டுங்க" என்றார் குப்புசாமி.

அந்தப் பணியாளர் இருக்கட்டும் என்றே விட்டுவிட்டுப் போய்விட்டார்! எங்கள் ஊராக இருந்தால் இன்னும் இரண்டு தரம் கேட்டிருப்பார். குப்புசாமி அந்த சூப் போகிற திசையையே பார்த்தார். என் வயிறு தவளை மாதிரி ஒரு சத்தம் போட்டது. அதை மறைக்க இருமினேன்.

"ஏந் தம்பி, இங்க பந்தி விசாரிக்க ஆளே இல்லீங்களா?"

"இருக்கறாங்க. இருங்க, நான் பார்த்துட்டு வாரேன்."

நேராக அந்தப் பணியாளரிடம் போனேன். அவர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த இந்தி கோழிப்பண்ணை ஆட்களிடம் கற்றது. தீவனம், தண்ணீர், தடுப்பூசி ஆகிய மூன்றுக்கு மேல் அதில் வார்த்தை கிடையாது. நான் கும்பிட்டுக் கெஞ்சியதன் பொருள், "அந்தப் பெரிய உருப்படிக்கு உடனே தீவனம் வையுங்கள்" என்பதாகத்தான் இருந்திருக்கும். எப்படியோ அவருக்குப் புரிந்தது. இரண்டு தமிழ் வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு மூன்று தரம் கூப்பிட வேண்டும், கடைசியில் கையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்று நடித்தும் காட்டினேன். பிறகு ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

அவர் போய்க் கைகூப்பி நின்றார். "சார், சாப்பிட வாங்கோ."

"இருக்கட்டுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். இன்னொரு தரம் என்று சைகை செய்தேன்.

"வாங்கோ சார், சாப்பிட வாங்கோ."

"இப்பத்தானுங்க காப்பி குடிச்சோம்."

நான் தூணுக்குப் பின்னாலிருந்து காற்றில் கையைப் பிடித்து இழுத்தேன். அவரும் குப்புசாமியின் கையைப் பிடித்து இழுத்தார். அந்தக் கல் முகம் அப்படியே மலர்ந்தது. "அட, இவ்வளவு தூரம் கூப்புடறீங்க..." என்று எழுந்தார். நான் அழாத குறை.

அதன் பிறகு குப்புசாமி சாப்பிட்ட சாப்பாட்டை என்னவென்று சொல்வது! கரண்டியை ஒதுக்கிவிட்டு, கையாலேயே சாம்பார் சோறு, ரசம், தயிர்சாதம் என்று ஒரு கல்யாணப் பந்திக்குண்டான நிதானத்தோடு சாப்பிட்டார். நடுவில் தலையை நிமிர்த்தி, "ஏந் தம்பி, ஏரோப்ளேன் கெளம்பறப்பக் கூப்புடுவாங்கதானுங்க?" என்று கேட்டார்.

"பேரச் சொல்லியே கூப்புடுவாங்கங்க" என்றேன், பழக்கப்பட்டவனாக.

அவர் இன்னொரு தரம் தயிர்சாதம் போட்டுக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு குலாப் ஜாமூன். அதற்குப் பிறகு மறுபடியும் தயிர்சாதம். நான் தற்செயலாகச் சுவரில் இருந்த திரையைப் பார்த்தேன். ராய்ப்பூருக்கு எதிரே சிவப்பு எழுத்து மின்னியது. கடைசி அழைப்பு என்று போட்டிருந்தது.

"ஏனுங்க, எந்திரிங்க, எந்திரிங்க!"

அவர் எழுந்தார். ஆனால் கை கழுவ வேண்டுமே. கழுவினார். சாப்பாடு போட்டவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போவது எப்படி? அந்தப் பணியாளரைத் தேடிப் பிடித்து அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். "போயிட்டு வாரோமுங்க. நம்ம பக்கம் வந்தா அவசியம் ஊட்டுக்கு வரோணும்." பாவம், அந்த மனிதர் தனக்குத் தெரிந்த தமிழில், "சாப்பிட வாங்கோ" என்றார். "இல்லீங்க, வவுறு ரொம்பிருச்சு" என்று குப்புசாமி அதற்கும் நின்று பதில் சொன்னார். நான் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கேட் மூடியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் விமானம் மெல்லப் பின்னால் நகர்ந்துகொண்டிருந்தது. கும்பிட்டேன், கெஞ்சினேன். கவுண்டரில் இருந்த பெண் தலையை மட்டும் ஆட்டினாள். அவ்வளவுதான், கோகிலா போய்விட்டாள் என்று நினைத்தேன். அங்கிருந்த நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "ஏனுங்க, நான் ஏரோப்ளேன்ல ஏறுனதே இல்லீங்க. இந்த லவுஞ்சும் இன்னைக்குத்தான் மொதல் தடவ."

குப்புசாமி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது இனித் திரும்பி வராதுங்களா?"

"வராதுங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமுங்க."

அவர் ஒரு பெருமூச்சு விட்டார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். அந்த ஏசிக் குளிரிலும் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"பூமிக்குள்ள எத்தன ஆழம் போறதுன்னாலும் எனக்கு ஒண்ணுமில்லீங்க தம்பி. மேல போறதுன்னாத்தான் குலையே நடுங்குது. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. அந்த டிவியில செவப்பு எழுத்து வந்ததுமே நான் பார்த்துட்டேன். அதுக்கப்பறந்தான் கடைசித் தயிர்சாதத்தப் போட்டேன்."

"அப்பறம் ஏனுங்க ஏரோப்ளேனுக்குச் சரின்னீங்க?"

"நீங்க அடிக்கடி போற ஆளுன்னீங்க. உங்க முன்னால பயமுன்னு எப்புடிச் சொல்றது?" அவரே தொடர்ந்தார். "தூணுக்குப் பொறகால நின்னு கைய ஆட்டுனீங்களே, அதையுந்தான் பார்த்தேன். அத்தன பசியிலயும் எனக்கு முந்தித் தட்டத் தொடல நீங்க. ஆனா ஒண்ணு, நீங்க மொதல்ல போயிருந்தா நானும் பின்னாலயே வந்திருப்பேன்."

பிறகு போனை எடுத்து வீட்டுக்குப் பேசினார். "ஆமா, ஏரோப்ளேன் போயிருச்சு. அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாச் சாப்பிட்டோம். மாப்பிள்ளையும் நானும் ரயில்லயே போயிக்கறோம்." மாப்பிள்ளை என்ற சொல்லைக் கேட்டதும், காலையிலிருந்து என்னை ஆட்டிவைத்த பயம் அப்படியே இறங்கிப்போனது. பைகளைக் கீழே வைத்துவிட்டு நான் அழுதேன். இந்தத் தடவை இருமி மறைக்கவில்லை.

இன்றைக்கும் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் இந்தக் கதையைச் சொல்லாமல் கோகிலா பந்தியை விட்டு எழுந்திருப்பதில்லை. ஏரோப்ளேனுக்குப் பயந்தவரும் அவருக்குப் பயந்தவரும் சேர்ந்து முடித்த கல்யாணம் இது என்பது அவள் வாதம். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் சிரிக்கும்போது மாமனாரும் நானும் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வோம். வீட்டில் சாப்பிடுவதற்கு அவள் எங்களை ஒரே ஒரு தரம்தான் கூப்பிடுகிறாள். உடனே எழுந்து போய்விடுகிறோம்.