ஜெர்னே ஆற்றுக்கு நேர்ந்தது

வெள்ளைத் தட்டு கயிற்றை விட்டுக் கழன்று ஆற்றோடு போய்விட்டது. பவளம் கரையில் நின்று வெறும் கயிற்றைப் பார்த்தாள்.

எஸ்டேட் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். தாய்மார்கள் கொழுந்தெடுக்கப் போனபின் பதினாறு குழந்தைகள் அவள் பொறுப்பு. அவர்கள் குடிப்பது சுங்கை ஜெர்னே ஆற்றுத் தண்ணீர். மலாயில் சுங்கை என்றால் ஆறு, ஜெர்னே என்றால் தெளிவு. ஆனால் கம்பெனி மேலே காட்டை வெட்டி மலையைச் சுரண்டத் தொடங்கியதிலிருந்து, ஆறு பால் தேநீர் நிறத்தில்தான் ஓடியது. காய்ச்சி வடிகட்டிக் கொடுத்தாலும் பிள்ளைகளுக்கு வயிறு போனது.

இதை ஆராயத்தான் கோலாலம்பூரிலிருந்து பௌதிக விரிவுரையாளர் விஜயன் வந்திருந்தார். தட்டை ஆற்றில் இறக்கி, அது கண்ணுக்கு மறைகிற ஆழத்தைத் தினமும் எழுதிவைக்கும்படி பவளத்திடம் சொல்லியிருந்தார். "தண்ணிக்குள்ள வெளிச்சம் எவ்வளவு போகுதுன்னு இதுல தெரிஞ்சிரும். சுற்றுச்சூழல் இலாகாவுக்கு அறிக்கை போனா, லயத்து வீட்டுக்கெல்லாம் நல்ல பைப் தண்ணி வந்துரும்மா."

அந்தப் பைப்புக்காகவே பவளம் ஒரு நாளும் தவறவில்லை. இன்றைக்கும் தவறக்கூடாது. வீட்டுக்கு ஓடி, சோறு தின்னும் பீங்கான் பூச்சுத் தகரத் தட்டை எடுத்துவந்து கட்டி இறக்கினாள். ஏழு இஞ்சில் மறைந்தது. எழுதிக்கொண்டாள்.

அது கம்பெனி ஆண்டுவிழாவில் கொடுத்த தட்டு. நடுவில் நீல நிறத்தில் ஒரு தேயிலைக் கொழுந்தும் 'ஜெர்னே டீ' என்ற எழுத்தும் இருந்தன. அடுத்த வாரம் வந்த விஜயன் அது சேற்றில் பாதி முங்கியிருப்பதைப் படம் பிடித்து, அறிக்கையின் வரைவு அட்டையிலேயே போட்டு, கம்பெனிக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டார்.

எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி சிவசாமி மூச்சு வாங்க வந்தார்.

"ஏம்மா பவளம், கம்பெனி டிரேட்மார்க்க சேத்துல முக்கிப் படம் புடிச்சிட்டீங்களாம். வக்கீல் லெட்டர் வந்திருக்கு. மேனேஜர் தொர கோவத்துல ஆடுறாருலா!"

"தட்டு கம்பெனி குடுத்ததுதானுங்களே ஐயா? சேறும் கம்பெனி குடுத்ததுதான்."

"இந்த வாய்தான் உன்னக் கெடுக்குது. தட்டுல இருக்கற அந்தக் கொழுந்துப் படத்த முதல்ல அழி!"

பவளம் கத்தியால் சுரண்டினாள். கொழுந்து போனது. கூடவே வெள்ளைப் பூச்சும் பெயர்ந்து, தட்டின் நடு கறுத்துப்போனது. மறுநாள் அது நாலு இஞ்சிலேயே மறைந்தது. கண்டதை எழுதினாள். அந்தக் கணக்கைச் சிவசாமி பார்த்துக்கொண்டு போனார்.

வக்கீலிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. நேற்று ஏழு, இன்று நாலு என்றால் ஆராய்ச்சியே பொய். தவிர, 'ஜெர்னே' பதிவு செய்யப்பட்ட பெயர். அதைச் சேற்றோடு சேர்த்து எழுதினால் வழக்குத் தொடுப்போம்.

"ஆத்துப் பேர எழுதக்கூடாதுங்களா சார்?" என்று விஜயனிடம் கேட்டாள்.

"சட்டப்படி எழுதலாம்தான்மா. ஆனா கேஸுன்னு வந்தா யூனிவர்சிட்டி என் பின்னால நிக்காது." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

புதுத் தட்டில் மறுபடி அளந்தார்கள். 'பகாங் மாநிலத்திலுள்ள ஓர் ஆறு' என்ற தலைப்பில் அறிக்கை போனது. விஜயனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. இலாகாவிலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது: பகாங்கில் ஆறுகள் நிறைய உண்டு.

அந்த வாரம் இராசம்மாவின் கைக்குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடம்பில் பாதியாகத் திரும்பி வந்தது. அதைத் தொட்டிலில் போட்டுவிட்டு, பவளம் வெறும் போத்தல் ஒன்றைத் தேடி எடுத்தாள்.

மறுநாளே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு போத்தல் ஆற்றுத் தண்ணீரோடு பஸ் ஏறினாள். இலாகாவில் மலாய்க்கார அதிகாரி ஒருவர் அவளை உட்காரச் சொல்லி, போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"எந்த ஆறு?"

"சுங்கை ஜெர்னே, துவான்."

அவர் மலாயில் யோசனையோடு சொன்னார். "பேரு தெளிவு. தண்ணி கலங்கல். ரெண்டும் ஒத்துப்போகலையே."

"அதத்தான் துவான் இத்தன நாளா சொல்றோம்!"

"பெரிய தப்புதான் நடந்திருக்கு. சீக்கிரம் சரி பண்ணிடறோம்."

திரும்பும் வழியெல்லாம் பவளத்துக்குக் கண் கலங்கியது. ஒரு மனிதருக்காவது புரிந்துவிட்டதே! லயம் முழுக்கச் சொன்னாள்.

மூன்றாம் மாதம் அரசாங்க லோரி வந்தது. சிமெண்டும் மண்வெட்டியும் இரும்புக் கம்பங்களும் இறங்கின. பெண்கள் கூடையோடு மலையிலிருந்து ஓடிவந்தார்கள். சிவசாமியே வந்து, "சாதிச்சிட்டியே பவளம்" என்றார். பாலத்தருகே குழி தோண்டிய ஆட்களுக்கு அவள் வாளி நிறையத் தேநீர் கொண்டுபோனாள்.

"தம்பி, பைப்பெல்லாம் அடுத்த லோரியில வருதா?"

"பைப்பா?" கம்பத்துக்கு மண் தள்ளிக்கொண்டிருந்த வேலப்பன் நிமிர்ந்தான். "போர்டு நடுறதுக்குத்தான்க்கா எங்கள அனுப்புனாங்க."

சாக்கைப் பிரித்துப் பலகையை மாட்டினான். பச்சை நிறத்தில் வெள்ளை எழுத்து: சுங்கை கெரோ.

"கெரோன்னா கலங்கல்க்கா. பேர மாத்தியாச்சு. இனிமே இந்த ஆறு தெளிவா ஓடுனாத்தான் தப்புலா!"