ஏகாம்பரம் மாமா காட்டிய வானம்

சிரஞ்சீவி ஹரிப்ரியாவுக்குப் புத்தூரிலிருந்து உன் பெரியப்பா பக்கிரிசாமி ஆசிகளுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் தாய்மாமன் ஏகாம்பரம் ரொம்பவே நலம்.

நகரியில் நடந்த கிரகப்பிரவேசப் பந்தியில் நீ என்னைப் பார்த்து, "பெரியப்பா, கேலக்ஸியோட நிறமாலையிலிருந்து வானத்து வெளிச்சத்தைக் கழிக்கணும். படத்துல எது வானம்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?" என்று கேட்டாய். ரிட்டயரான அறிவியல் வாத்தியார் என்பதால் என்னைத்தான் கேட்டாய். என் வாயில் வடை. நான் முழுங்குவதற்குள், எதிர் இலையில் இருந்த கணக்கு வாத்தியார் ஏகாம்பரம், "இன்னாத்துக்கு யோசிக்கிற? கேலக்ஸிய ஒட்டினாப்புல எடு. பக்கத்து வானம் ஒரே மாதிரிதானே இருக்கும்" என்று சொல்ல, பந்தியே தலையாட்டியது, ரசம் ஊற்றினவன்கூட அவருக்குத்தான் இரண்டாம் கரண்டி ஊற்றினான். நீயும் உன் ஆராய்ச்சிக் கட்டுரையில் அவருக்கு நன்றி போடுவதாகச் சொல்லிவிட்டாய்.

இப்போது உன் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடு மேலே எழும்ப வேண்டிய இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை ஆராய்ச்சி கைடுக்குக் காட்டணும் என்று உன் அம்மா சொன்னபோது நான் சந்தோஷப்படவில்லை. கொஞ்சம்தான் பட்டேன். கேள், கண்ணு. மில்லில் எண்ணெய் வாங்குகிறோம். டின்னோடு எடைபோட்டு, காலி டின் எடையைக் கழிக்கிறான். காலி என்று நம்பி வைத்த டின்னில் நாம் வாங்கினதைவிட அதிகமாக எண்ணெய் இருந்தால்? வாங்கின எண்ணெய் பூஜ்யத்துக்குக் கீழே போய், மில்காரனுக்கு நாம்தான் ஊற்றிவிட்டு வர வேண்டும்! கேலக்ஸியின் ஓரம் கண்ணுக்குத் தெரியாமல் பரந்து கிடக்கும். அங்கேயும் ஹைட்ரஜன் ஒளிரும், நடுவைவிட அதிகமாகவே ஒளிரலாம். நீ ஒட்டினாப்புல எடுத்தது வானமே இல்லை. கேலக்ஸியிலிருந்து கேலக்ஸியையே கழிச்சிக்கினு இருக்கிற. தள்ளிப் போய் எடு. நன்றியிலிருந்து அந்த மனுஷனையும் கழித்துவிடு.

வீட்டில் எல்லோருக்கும் என் ஆசிகளைச் சொல்.

பி.கு.: என் போனில் கேமரா போய்விட்டதால், இதைப் படமெடுத்து உனக்கு அனுப்ப ஏகாம்பரத்தைத்தான் கூப்பிட வேண்டியதாயிற்று. "படிக்காம எடுய்யா" என்றேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். கோபப்படுவார் என்று பார்த்தால், "டின் கணக்கு சூப்பர், மச்சான். ஆனா ஒரே பக்கம் எடுக்க வேணாம்னு சொல்லு. படத்துல இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு வானத்து வெளிச்சம் மாறிக்கினே போவும். ரெண்டு பக்கமும் எடுத்து, நடுவுல கேலக்ஸி இருக்கிற எடத்துக்குக் கணக்குப் போடணும்" என்கிறார். சரிதான். அதுதான் எரிகிறது. அவர் பெயரும் இருக்கட்டும், என் பெயருக்குக் கீழே. அகர வரிசையில் மட்டும் போடாதே. இன்றைக்கே கேலக்ஸிக்கு மேலும் கீழும் நன்றாகத் தள்ளி வானத்தை எடுத்துக் கழித்துப் பார். கோடு எழுந்தால் முதலில் எனக்கு போன் பண்ணு.